யாருக்கும் தொந்தரவில்லாமல்

அடுத்தவங்களுக்குத் தொந்தரவு குடுக்க அஞ்சுற மனுஷி செய்யக்கூடாத உத்தியோகம் ஒண்ணு உண்டுன்னா, அது மிஷன் உத்தியோகம்தான். யோசிச்சுப் பாருங்க. சாப்பிட்டுட்டு அப்பாடான்னு கண்ணயர்ற நேரத்துல ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டணும். தட்டி உள்ள போயி, நீங்க தலைமுறை தலைமுறையா கும்பிடுற சாமியை விட்டுட்டு எங்க சாமியைக் கும்பிடுங்கன்னு சொல்லணும். வெட்டவெயில்ல சந்தையில நின்னு, விக்க வந்தவனையும் வாங்க வந்தவனையும் மறிச்சு, நீ பாவின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லணும். இதுக்கெல்லாம் தோல் தடிமனா இருக்கணும். எங்க மிஸ்ஸம்மாவுக்கு இருந்ததோ வெங்காயத் தோலு.

பேரு வேண்டாம். அவங்களுக்கே பிடிக்காது. பனி கொட்டுற ஏதோ சீமையிலேர்ந்து திருச்சிக்கு வந்தவங்க. பங்களாவுல இருந்த சமையக்காரர்லேர்ந்து தெருவுல போற குதிரை வண்டிக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் மிஸ்ஸம்மாதான். நெட்டையா, ஒல்லியா, வெயில்ல வெந்த முகத்தோட இருப்பாங்க. ஒரு முன்ஷிகிட்ட தமிழ் படிச்சதால அச்சடிச்ச புஸ்தகம் மாதிரி பேசுவாங்க. எந்த வீட்டுப் படியேறினாலும் முதல் வார்த்தை, "தங்களுக்குத் தொந்தரவு இல்லையே?" இதைக் கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் நிஜமாவே காத்துக்கிட்டு நிப்பாங்க. அதுதான் வினை. ஊர்ல எல்லாரும் வாய் உபசாரத்துக்குக் கேப்பாங்க, இவங்க பதிலுக்காகக் கேப்பாங்க.

எனக்கு அப்போ இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு. வீட்டுக்காரர் பொன்மலையில ரயில் பட்டறையில ஃபிட்டரா இருந்தவர், காய்ச்சல்னு படுத்தார், எழுந்திருக்கலை. பிள்ளைகுட்டி கிடையாது. கிறிஸ்தவ வேதக்கார குடும்பம்கிறதால மிஷன்ல இரக்கப்பட்டு வேலை குடுத்தாங்க. வேலை என்னன்னா, மிஸ்ஸம்மா கூட நடக்கிறது. ஏசுநாதர் தன் சீஷர்களை ரெண்டு ரெண்டு பேரா அனுப்பினாராம். அதனால எங்க மிஷன்லயும் ஊழியத்துக்குத் தனியா யாரும் போகக்கூடாது, ஜோடியாத்தான் போகணும்னு சட்டம். அந்த ஜோடியில ரெண்டாவது ஆளு நான். அவங்க பேசுவாங்க, நான் பையைத் தூக்குவேன். அவங்க தமிழ் புரியலைன்னு யாராவது முழிச்சா, நான் தமிழ்ல சொல்லுவேன்.

மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு ஒரு தடவை போனோம். மிஷனுக்குத் தலைவரா இருந்தவரை நாங்க பெரிய துரைன்னு சொல்லுவோம். சந்தையில நின்னு பிரசங்கம் பண்ணணும், சுவிசேஷப் புஸ்தகம் விக்கணும்னு அவர் உத்தரவு. போனவுடனே முறுக்குக் கடை ஓரமா நின்னோம். மிஸ்ஸம்மா வாயைத் திறக்கறதுக்குள்ள, "இவருடைய வாடிக்கைக்காரர்களை நாம் மறைக்கிறோம்" னு சொல்லி நகர்ந்துட்டாங்க. புளியமரத்தடிக்குப் போனோம். அங்க ரெண்டு வண்டிக்காரங்க துண்டை விரிச்சுப் படுத்திருந்தாங்க. "உறங்குகிறவர்களை எழுப்புவது நியாயம் அல்ல" ன்னாங்க. அங்கேருந்தும் நகர்ந்தோம். அந்தப் பக்கம் தரகர் ரெண்டு பேரு துண்டுக்கு அடியில கையைக் கோத்துக்கிட்டு, விரலாலேயே விலை பேசிக்கிட்டு இருந்தாங்க. சும்மா நின்னு பேசியிருக்கலாம். இவங்க போயி, "ஐயா, நான் இங்கே நின்று பேசினால் தங்கள் வியாபாரத்துக்கு இடையூறாக இருக்குமோ?" ன்னு கேட்டாங்க.

"ஆமாந்தாயி, மாடு மிரளுது. செத்த அப்பால போங்க" ன்னுட்டான் அவன். கேட்டா சொல்லமாட்டானா?

அப்படியே நகர்ந்து நகர்ந்து சந்தைக்குக் கோடியில போயி நின்னோம். விலை போகாத கிழட்டு மாடு நாலு கட்டியிருந்துச்சு. மனுஷங்க யாரும் இல்லை. மிஸ்ஸம்மா அதுங்களுக்கு முன்னால நின்னு, கொண்டு வந்த பிரசங்கத்தை ஒரு வரி விடாம சொல்லி முடிச்சாங்க. மாடு அசை போட்டுக்கிட்டே கேட்டுச்சு.

"இதுங்களுக்கு ஆத்துமா கிடையாது மிஸ்ஸம்மா, ஞாபகம் இருக்கா?" ன்னேன்.

என்னைத் திரும்பிப் பாத்தாங்க. சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு, கண்ணுல தண்ணி வழிய, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. எனக்கும் தாங்கலை. ஊழியத்துல என்ன சந்தோஷம் கண்டேன்னு யாராவது என்னைக் கேட்டா, அந்த வெயில்ல அந்த மாட்டுக்கு முன்னால நின்னு சிரிச்சதைத்தான் சொல்லுவேன். வேற பெருசா ஒண்ணும் இல்லை.

அதுக்காக அவங்களைத் தங்கம்னு தூக்கி வெக்கவும் முடியாது. கூட இருக்கறவளுக்குத்தான் தெரியும் கஷ்டம். ஒரு தடவை அவங்களுக்கு முறைக்காய்ச்சல் வந்துச்சு. பக்கத்து அறையில நான் படுத்திருக்கேன், கூப்பிட்டா கேக்கும். குளிர்ல பல்லு தந்தியடிக்கிற சத்தம் கூட எனக்குக் கேக்கக்கூடாதுன்னு தலைகாணித் துணியை வாயில கவ்விக்கிட்டுக் கிடந்திருக்காங்க. காலையில காப்பி கொண்டு போனவ பாத்துட்டு அலறிட்டேன்.

"ஏன் என்னை எழுப்பலை?"

"நேற்று தாங்கள் மிகவும் நடந்தீர்கள்."

"ஏன் மிஸ்ஸம்மா, நீங்க செத்துப் போயிருந்தா குழி வெட்ட ஆள் தேடி நான்தானே ஓடணும்? அது நடையில்லையா?"

அந்தக் காய்ச்சல்லயும் "மன்னிக்க வேண்டும்" னாங்க. இந்த மனுஷிகிட்ட கோவிச்சுக்கவும் முடியாது, கோவிக்காம இருக்கவும் முடியாது. அவங்க தலைக்கு ஈரத்துணி போட்டுக்கிட்டே நான் திட்டிக்கிட்டு இருந்தேன், அவங்க மன்னிப்பு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

ஸ்ரீரங்கத்துல வியாழக்கிழமை தோறும் ஒரு வீட்டுக்குப் போவோம். வக்கீல் வீடு, ஐயங்கார். அவர் சம்சாரத்துக்குக் குரோஷா பின்னலும் கொஞ்சம் இங்கிலீஷும் கத்துக்குடுக்கணும்னு அவரே கேட்டுக்கிட்டார். முன்கூடத்துல மிஸ்ஸம்மாவுக்கு ஒரு நாற்காலி. வாசலை ஒட்டின ரேழியில, தரையில நான். அந்த வக்கீல் சம்சாரத்துக்கு ஒரு மாசத்துல பின்னல் அலுத்துப் போச்சு, கொட்டாவி விட்டுக்கிட்டு உள்ள போயிடுவாங்க. ஆனா கதவுக்குப் பின்னால ஒரு ஆள் எப்பவும் நின்னு கேட்டுக்கிட்டு இருந்தது எனக்குத் தெரியும். அது வக்கீலோட அக்கா.

முப்பத்தஞ்சு வயசு இருக்கும் அந்தம்மாவுக்கு. சின்னப் பிள்ளையில கட்டிக்குடுத்து, புருஷன் முகம் மனசுல பதியறதுக்குள்ள தாலியறுத்தவங்க. அந்த வீட்டுல சமையல் முழுக்க அவங்க பொறுப்பு. அங்கெல்லாம் அதைத் தளிகைன்னு சொல்லுவாங்க. விடியக்காலம் காவேரியில முங்கி, மடியா அடுப்பங்கரைக்குள்ள நுழைஞ்சா, பெருமாளுக்குப் படைச்சு எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவங்களை யாரும் தொடக்கூடாது. இழுப்பு வேற உண்டு அவங்களுக்கு, பேச்சுக்கு நடுவுல நெஞ்சு கரகரங்கும்.

ஒரு வியாழக்கிழமை கதவுக்குப் பின்னாலேருந்து வெளியில வந்தாங்க. "மிஸ், நேக்கு இங்கிலீஷ் வேண்டாம், பின்னலும் வேண்டாம். தமிழ் எழுத்து சொல்லித் தருவேளா? பஞ்சாங்கம் படிக்கணும்" னு கேட்டாங்க.

மிஸ்ஸம்மாவுக்குப் புரியலை. அந்தம்மா சொன்னாங்க. மாசத்துக்கு ரெண்டு ஏகாதசி. அன்னிக்கு அவங்க வாயில பச்சைத் தண்ணி படாது. எந்த நாள்னு தம்பிதான் பஞ்சாங்கத்தைப் பாத்துச் சொல்லணும். ஒரு தடவை தம்பி கோர்ட்டுக்குப் போற அவசரத்துல நாளைத் தப்பாச் சொல்லிட்டார். ஏகாதசி அன்னிக்கு இவங்க சாப்பிட்டுட்டு, மறுநாள் பட்டினி கிடந்திருக்காங்க. அப்புறம் தெரிஞ்சு அழுதா, தம்பி "போறது விடுக்கா, பெருமாள் கோவிச்சுக்கப் போறாரா" ன்னுட்டுப் போயிட்டாராம்.

"கிடக்கறது பட்டினி. அதுக்குக் கூட இன்னொருத்தர் வாயைப் பாத்துண்டு உக்காரணுமா மிஸ்? என் பட்டினியையாவது நானே பாத்துக்கறேனே" ன்னாங்க.

எனக்குச் சுருக்குன்னுச்சு. நானும் புருஷனை முழுங்கினவதான், எனக்கு அந்தப் பேச்சு எங்க போய்ப் பட்டுச்சுன்னு சொல்லத் தெரியலை. மிஸ்ஸம்மா அடுத்த வாரமே சிலேட்டு வாங்கிட்டு வந்துட்டாங்க.

பாடம் நல்லாத்தான் நடந்துச்சு. அந்தம்மா வெறிபிடிச்ச மாதிரி படிச்சாங்க. ஐப்பசி வந்துது, அடைமழை. ஒரு வியாழக்கிழமை பாடம் முடிஞ்சு கிளம்புறப்ப மழை விட்டிருந்துச்சு, மிஸ்ஸம்மா குடையை மறந்து வெச்சுட்டு வந்துட்டாங்க. தெருமுனையில ஞாபகம் வந்துது. திரும்பிப் போனா அவங்களுக்குத் தொந்தரவுன்னு யோசிச்சாங்க. "நனைஞ்சு காய்ச்சல் வந்தா எனக்குத் தொந்தரவு, வாங்க" ன்னு நான்தான் இழுத்துட்டுப் போனேன்.

அந்தத் தெரு வீடெல்லாம் வாசல்ல நின்னு பாத்தா கொல்லைக் கிணறு வரைக்கும் ஒரே நேரா தெரியும். கூடத்துல மிஸ்ஸம்மா உக்காந்திருந்த நாற்காலியைக் கவுத்துப் போட்டு வேலைக்காரி தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தா. ரேழியில நான் உக்காந்திருந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகி ஆயிடுச்சு. அந்தப் பக்கம் கிணத்தடியில, தூத்தல்ல, அந்தம்மா வாளி வாளியா இறைச்சுத் தலையில ஊத்திக்கிறாங்க. ஒரு வாளிக்கு ஒரு தடவை நின்னு மூச்சை இழுக்குறாங்க. சாயந்தரம் பெருமாளுக்கு விளக்கேத்தணும், அடுப்பங்கரைக்குப் போகணும், எங்க சிலேட்டைத் தொட்ட உடம்போட போக முடியுமா?

மிஸ்ஸம்மா படியிலேயே நின்னுட்டாங்க. குடையை வாங்கிக்கலை. காவேரிப் பாலத்துல பாதி தூரம் விறுவிறுன்னு வந்துட்டோம். மழை திரும்பப் பிடிச்சு ரெண்டு பேரும் தெப்பமா நனைஞ்சுட்டோம்.

"இத்தனை நாளுமா?" ன்னு கேட்டாங்க.

"ஆமா மிஸ்ஸம்மா."

"தங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாம என்ன?"

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

எனக்கு ஆத்திரம் வந்துது. "என்னத்தைச் சொல்றது? நான் பொறந்ததுலேர்ந்து எனக்குப் பின்னால தண்ணி ஊத்திக் கழுவிக்கிட்டுத்தான் இருக்காங்க. நீங்க நேத்து வந்தவங்க. தீட்டு, ஜாதின்னு புஸ்தகத்துல படிச்சிருப்பீங்க. தனக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு யாரு திரும்பிப் பாக்குறா?" ன்னு படபடன்னு பேசிட்டேன்.

அவங்க அந்த மழையில நின்னு என் முகத்தையே பாத்தாங்க. அத்தனை வருஷம் கூட நடந்தவளை அன்னிக்குத்தான் முழுசா பாத்தாங்கன்னு எனக்குப் பட்டுச்சு. கொஞ்ச தூரம் போனதும் என் கையிலேருந்து பையை வாங்கி அவங்களே தூக்கிக்கிட்டாங்க. நான் வேண்டாம்னு சொல்லலை.

வேற ஒருத்தியா இருந்தா, என்னைத் தீட்டுன்னு கழுவுறாங்களான்னு ரோஷம் வந்திருக்கும். எனக்கு வந்துது. அவங்களுக்கு அந்த ரோஷம் துளி வரலை. "மூச்சுத் திணறல் உள்ள ஒரு பெண் என் பொருட்டுக் குளிர்ந்த நீரில் நனைகிறாள். இனி நாம் அங்கே போக வேண்டாம்" னு முடிவு பண்ணிட்டாங்க. அவ்வளவுதான். அந்தம்மாவுக்குச் சொல்லி அனுப்பக் கூட இல்லை, சொன்னா அவங்க மனசு கஷ்டப்படுமாம். எனக்குன்னா, வியாழக்கிழமை மத்தியானம் காலை நீட்டிப் படுக்கலாம்னு நிம்மதியா இருந்துச்சு. மறைப்பானேன்?

நாலு வாரம் போயிருக்கும். ஸ்ரீரங்கத்துல வீடு வீடா பூ குடுக்கிற பூக்காரம்மா ஒருத்தி பங்களா வாசலுக்கு வந்தா. "வக்கீல் வீட்டு அக்கா கேக்கச் சொன்னாங்க. மிஸ் ஏன் வரலையாம்? எழுத்து பாதியில நிக்குதாம்" னா. மிஸ்ஸம்மா முகம் வெளுத்துப் போச்சு. குளிக்கிற விஷயத்தைச் சொல்லி, அதனாலதான் வரலைன்னு பூக்காரிகிட்ட சொல்லி அனுப்பினாங்க. மறுநாளே பதில் வந்துது. பூக்காரி அந்தம்மா மாதிரியே குரலை வெச்சுக்கிட்டுச் சொன்னா:

"நான் குளிக்கறது என் பாடு, அவாளுக்கு என்ன? சரி, அவாளுக்குக் கஷ்டமா இருக்குன்னா ஒண்ணு பண்ணச் சொல்லு. தினம் விடியக்காலம்பற நான் அம்மா மண்டபத்துக் கரைக்குக் குளிக்க வரேன். குளிக்கறதுக்கு முன்னாடி நானும் தீட்டுதான், அவாளும் தீட்டுதான். அப்போ வந்து சொல்லித் தரட்டும். அப்புறம் எப்படியும் முங்கத்தானே போறேன்."

அடி ஆத்தீ, என்ன மூளைன்னு நான் அசந்து போயிட்டேன். மிஸ்ஸம்மா கையைத் தட்டினாங்க. யாருக்கும் கூடுதலா ஒரு சொம்புத் தண்ணி செலவில்லாத வழி.

யாருக்கும் தொந்தரவு இல்லை, என்னைத் தவிர. அம்மா மண்டபம் ஆத்துக்கு அந்தக் கரை, பங்களா இந்தப் பக்கம் கோட்டை ஸ்டேஷன் தாண்டி. கிழக்கு வெளுக்கறப்ப அங்க இருக்கணும்னா கோழி கூப்பிடறதுக்கு முன்னால எழுந்து நடக்கணும். குதிரை வண்டி வெக்கலாமேன்னேன். "பாவம், அந்த மனிதர் உறங்கட்டும், குதிரையும் உறங்கட்டும்" னாங்க. குதிரைக்கு இருக்கிற அதிர்ஷ்டம் எனக்கு இல்லை. தட்டுத் தடுமாறி பாலத்துல பின்னாலேயே நடப்பேன், கண்ணு சொருகும். ஒரு நாள் கேட்டே விட்டேன்: "மிஸ்ஸம்மா, எல்லாரையும் தொந்தரவா தொந்தரவான்னு கேக்கிறீங்களே, என்னை ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவங்க திகைச்சுப் போயிட்டாங்க. "தங்களை நான் வேறொருவராக நினைக்கவில்லை" ன்னாங்க. தூக்கக் கலக்கத்துல அழுகை வந்துது, கொட்டாவி மாதிரி மறைச்சுக்கிட்டேன்.

தை, மாசியில தண்ணி வத்தி மணல் தெரியும். ஈர மணல்ல மிஸ்ஸம்மா வேப்பங்குச்சியால எழுதுவாங்க. நாலு முழம் தள்ளி அந்தம்மா உக்காந்து, அதே எழுத்தைத் தன் விரலால எழுதுவாங்க. அந்தக் காலத்துத் தும்பிக்கை போட்ட லை, ணை எல்லாம் அவங்களுக்கு வளையவே வளையாது, யானையை மணல்ல புரட்டின மாதிரி கிடக்கும். நான் மேல்படியில உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பேன். ஒரு எழுத்தை மிஸ்ஸம்மாவே தப்பா எழுதினா, மேலேருந்தே திருத்துவேன். முடிஞ்சதும் அந்தம்மா நேரா இறங்கி ஆத்துல முங்கிடுவாங்க. ஈரப் புடவையோட, குடத்துல தண்ணி மொண்டுக்கிட்டு அவங்க மேல வர்றப்ப, நாங்க ரெண்டு பேரும் சுவரோட ஒட்டி ஒதுங்கி நிப்போம். எங்களைத் திரும்பியும் பாக்காம போயிடுவாங்க. அப்போ அவங்க மடி.

மாசிக் கடைசியில ஒரு நாள் அந்தம்மா பஞ்சாங்கத்தை இடுப்புல சொருகி மறைச்சு எடுத்துட்டு வந்தாங்க. வெளிச்சத்துல பிரிச்சு வெச்சு, விரலை ஓட்டி ஓட்டி, வேர்த்து விறுவிறுத்து, "ஏ... கா... த... சி" ன்னு படிச்சாங்க. படிச்சுட்டு எங்களை நிமிர்ந்து பாத்தாங்க. அப்படி ஒரு முகத்தை நான் கோயில்லயும் பாத்ததில்லை, சர்ச்லயும் பாத்ததில்லை. மிஸ்ஸம்மா சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டிட்டு, சுத்தி ஜபம் பண்றவங்களுக்கு இடைஞ்சலா ஆயிடுச்சோன்னு உடனே கையைப் பொத்திக்கிட்டாங்க.

அடுத்த ஏகாதசிக்குத் தம்பி நாள் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள அக்கா சொல்லிட்டாங்களாம். வக்கீல் அசந்து போயி, எப்படின்னு விசாரிச்சு, விழுந்து விழுந்து சிரிச்சாராம். கோவிக்கிற மனுஷனில்லை. ஆனா கோர்ட்டுல போயி, "மிஷன்காரி என் அக்காவுக்கு ஏகாதசி சொல்லித் தராளாம், ரங்கநாதனுக்கு ஊழியம் பண்ண சீமையிலேர்ந்து ஆள் வந்திருக்கு" ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டார். அந்த வேடிக்கைப் பேச்சு கைமாறி கைமாறி ஆத்தைத் தாண்டி எங்க பெரிய துரை காது வரைக்கும் வந்துடுச்சு.

அவர் கூப்பிட்டு அனுப்பினார். மிஸ்ஸம்மாவோட நானும் போயி நின்னேன். கெட்டவர்னு சொல்லமாட்டேன், அவருக்கும் மேலே கேக்க ஆளுங்க இருந்தாங்க. "இத்தனை வருஷத்துல அந்த ஊர்ல ஒரு ஆத்துமாவாவது நம்ம வேதத்துக்கு வந்ததுண்டா?" ன்னு கேட்டார்.

"இல்லை."

"ஆத்தங்கரையில என்ன பாடம் நடக்குது? வேத வசனம்தானே?" ன்னு, என்னைப் பாத்துக் கேட்டார். தமிழ்லதான் கேட்டார். ஆமாங்கய்யான்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. என் நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. என்னைப் பொய் சொல்ல வைக்கிற கஷ்டத்தை எனக்குக் குடுக்கக்கூடாதுன்னு மிஸ்ஸம்மா முந்திக்கிட்டாங்க.

"பஞ்சாங்கம் படிக்கக் கற்பிக்கிறேன் ஐயா. அந்த அம்மாள் தம் உபவாச நாளைத் தாமே அறிய விரும்பினார்."

துரை கண்ணை மூடித் திறந்தார். அப்புறம் இங்கிலீஷ்ல மெதுவா பேசினார். களைச்சுப் போயிட்டீங்க, ஊருக்குத் திரும்பிப் போங்கன்னு சொல்றார்னு எனக்கு அரைகுறையாப் புரிஞ்சுது. மிஸ்ஸம்மா ஒண்ணும் வாதாடலை. வெளியில வந்து படியில உக்காந்துக்கிட்டாங்க. "அவர் சொன்னது உண்மை. நான் மிகவும் களைத்துவிட்டேன்" னு சொன்னாங்க. நானும் பக்கத்துல உக்காந்தேன். ரெண்டு பேர் காலும் ஒரே மாதிரி வெடிச்சுப் போயி புழுதியா இருந்துச்சு.

கப்பலுக்கு நாள் வர்ற வரைக்கும் ஆத்தங்கரைக்குப் போய்க்கிட்டுத்தான் இருந்தோம். போகப் போறதை அந்தம்மாகிட்ட சொல்லுங்கன்னு தினம் சொல்லுவேன். தலையை ஆட்டுவாங்க, சொல்லமாட்டாங்க. ஒரு நாள் சாயங்காலம், "நாளைக் காலையில் தாங்கள் நன்றாக உறங்குங்கள், நாம் ஆற்றுக்குப் போகவில்லை" ன்னாங்க. அப்பாடான்னு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன். எழுந்து பாத்தா அறை காலி. மெத்தையைச் சுருட்டி, தரையைப் பெருக்கி, குடிச்ச டம்ளரைக் கூடக் கழுவிக் கவுத்திருந்தாங்க. யாரையும் எழுப்பாம, தன் பெட்டியைத் தானே தூக்கிக்கிட்டு விடிய முன்னால ஸ்டேஷனுக்குப் போயிட்டாங்களாம்.

எனக்கு வந்த கோவத்தைச் சொல்லி முடியாது. பாவி மனுஷி, என்னையாவது எழுப்பியிருக்கலாமே. நான் வேற ஆளு இல்லைன்னு சொன்ன வாய்தானே அது? அங்க ஒரு பொம்பளை ஆத்தங்கரையில காத்துக்கிட்டு உக்காந்திருப்பான்னு சாயங்காலம்தான் மனசுல உறைச்சுது.

மறுநாள் நான் மட்டும் போனேன். காலு வரமாட்டேன்னுச்சு, விடிஞ்சுதான் போய்ச் சேர்ந்தேன். புதுத்தண்ணி வந்து மணலை மூடிக்கிட்டு இருந்துச்சு. அந்தம்மா குளிச்சு முடிச்சு, ஈரப் புடவையோட, குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டுப் படியேறி வந்துட்டாங்க. நான் வழக்கம் போல சுவரோட ஒதுங்கினேன். அவங்க நின்னுட்டாங்க. மடியா இருக்கறப்ப அவங்க என்கிட்ட நின்னதே இல்லை.

"எங்கே அவா? நேத்தும் வரலை."

"ஊருக்குப் போயிட்டாங்கம்மா. இனிமே வரமாட்டாங்க."

"சொல்லிக்காமயா?"

"சொன்னா நீங்க அழுவீங்கன்னு நினைச்சிருப்பாங்க. உங்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னு..."

"அழறதுக்கு நேக்கு அவா உத்தரவு வேணுமா?" ன்னாங்க. "கஷ்டமாம் கஷ்டம். யாரு கேட்டா இவாளை?"

குடத்தைப் படியில வெச்சாங்க. ரெண்டு படி இறங்கி வந்து என் கையைப் பிடிச்சாங்க. சில்லுன்னு, ஈரமா, நல்ல பிடி. அந்த ஊர்ல அதுவரைக்கும் என் கையை ஒருத்தரும் தொட்டதில்லை. நான் பதறிப்போயி இழுத்துக்கப் பாத்தேன்.

"அம்மா, குளிச்சுட்டீங்களே! மடி..."

"தெரியும்டி" ன்னாங்க. விடலை. கொஞ்ச நேரம் அப்படியே என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நானும் அழுதேன். படியில போறவங்க வர்றவங்க எல்லாம் பாத்துக்கிட்டுப் போனாங்க. அப்புறம் முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டுக் கேட்டாங்க:

"பஞ்சாங்கத்துல நாழிகையெல்லாம் தமிழ் எண்ணுல போட்டிருக்கான். அது நேக்கு இன்னும் படிக்க வரலை. அது தெரியாம ஏகாதசி சரியா பிடிபடாது. நாளைக்கு நீ வருவியோல்லியோ?"

தனியா ஊழியத்துக்குப் போகக்கூடாதுன்னு மிஷன் சட்டம். அடுத்த மாசம் எனக்கு வேலை இருக்குமான்னே தெரியாது. உடம்புல ஒரு எலும்பு பாக்கியில்லாம வலிச்சுது. "வரேம்மா" ன்னேன்.

"குளிக்கறதுக்கு முன்னாடி வந்துடு" ன்னு சொல்லிட்டு என் கையை விட்டாங்க. குடத்துத் தண்ணியைப் படியில கொட்டிட்டு, திரும்ப ஆத்துல இறங்கினாங்க. இருமல் வந்துது, நின்னாங்க, அப்புறம் முங்கினாங்க. அவங்க தலை வெளியில வர்ற வரைக்கும் நான் கரையிலேயே நின்னேன்.